துண்டுக்குள்ளே விரல்

வா அம்மிணி. அந்தக் கயித்துக்கட்டில்ல உக்காராதே, ஒரு காலு ஆடுது. பச்சைத் துணியைப் போட்டு இறுக்கிக் கட்டி வெச்சிருக்குது, ஆனாலும் நம்ப முடியாது. இப்படித் திண்ணைக்கு வா. உன்ற அம்மாயி மோர் கரைச்சுக்கிட்டு இருக்கறா.

போன்ல நீ சொன்னது பாதிதான் வெளங்குச்சு. கடைக்குச் சரக்கெடுத்துக் குடுக்க ஆள் வெக்கப் போறே, மூணு பேரு சிக்கியிருக்கறாங்க, அதுல எவனைப் புடிக்கறதுன்னு அப்புச்சிகிட்ட ரோசனை கேக்கோணும். அவ்வளவுதானே? கேளு. கேட்டுப்போட்டு உன் இஷ்டத்துக்குப் பண்ணு. ரோசனை கேக்கறதே அதுக்குத்தானே.

மொதல்ல ஒண்ணை ஒத்துக்கறேன். நீ கோயமுத்தூருல கம்ப்யூட்டரு வேலையை விட்டுப்போட்டு கோபியில பொட்டிக்கு வெக்கறேன்னப்ப, நான் பொட்டிக்கடைன்னு நெனச்சுப்போட்டேன். பீடிக்கட்டு, வாழைத்தாரு, கடலைமிட்டாய் பாட்டில். படிச்ச புள்ளைக்கு இந்தப் பொழப்பான்னு ரெண்டு நாள் சோறு எறங்கலை. பொறவு வந்து பார்த்தா நாலு குச்சியில நாப்பது துணி தொங்குது, நடுவுல ஒரு ஆளுயரக் கண்ணாடி, ஒரு சோபா. விலைச் சீட்டைப் புரட்டிப் பார்த்தேன். அப்பறம் நாலு நாள் சோறு எறங்கலை.

செரி, சோலிக்கு வருவோம். ஆள் வெக்கறது தப்பில்லை. ஈரோட்டுல ரயிலேறினா சூரத்துக்குப் போய்ச் சேர ஒரு பகல் ஒரு ராத்திரிக்கும் மேல ஆகுது. போய் எறங்கினா அந்த ரிங் ரோட்டுல கட்டடம் கட்டடமா மார்க்கெட்டு. ஒவ்வொண்ணுக்குள்ளயும் தேன்கூட்டுக் கண்ணாட்டம் கடை. உனக்கு இந்தி ‘நமஸ்தே’யோட நின்னு போகுது. அங்கிருந்து ஜெய்ப்பூரு, டெல்லி காந்தி நகருன்னு சுத்திப்போட்டு வந்தா பத்து நாள் கடைக்குப் பூட்டு. நீ எடுக்கற ஒண்ணரை லட்சத்துச் சரக்குக்கு இந்த அலைச்சலெல்லாம் கட்டுபடி ஆகாது. மாசத்துக்கு ரெண்டு தரம் போற பெரிய கடைக்காரனுக்கு அது வேற கணக்கு. அதனால வெய்யி. ஆனா எவனை வெக்கறதுன்னு கேட்டே பாரு, அங்கதான் எனக்குக் கொஞ்சம் குஷி வந்துருச்சு.

அந்தியூருக் குருநாதசாமி கோயில் ஆடித் தேருக்கு உன்னைச் சின்னப்புள்ளையில தூக்கிக்கிட்டுப் போயிருக்கறேன், நெனப்பிருக்குதா? மாடும் குதிரையும் எக்கச்சக்கமா வருமே. அங்க தரகருங்க விலை பேசறதைப் பார்த்து நீ கேட்டே, ‘ஏனப்புச்சி, அந்த ரெண்டு பேரும் துண்டுக்குள்ள கையைப் புடிச்சுக்கிட்டு என்ன பண்றாங்க’ன்னு. விரலைத் தொட்டு விலை சொல்றாங்க கண்ணு. பக்கத்துல நிக்கறவனுக்குத் தெரியக்கூடாது. மாட்டுக்காரனுக்கு ஒரு விரல் விலை, வாங்கறவனுக்கு ஒரு விரல் விலை. நடுவுல எத்தனை விரல் காணாமப் போச்சுன்னு தரகருக்கும் அந்தத் துண்டுக்கும்தான் தெரியும். இப்ப துண்டு போயி வாட்ஸப்பு வந்திருக்குது. விரல் அதேதான்.

உன்ற மூணு ஆளுங்கள்ல எனக்கு ரொம்பப் புடிச்சவன், கமிஷனே வேண்டாம்ங்கறானே, அவன்தான். ‘மேடம், சர்வீஸ் ஃப்ரீ, நீங்க வளந்தா போதும்’னானாமே. எவ்வளவு நல்ல மனசு! சூரத்துல உக்காந்துக்கிட்டு, அந்த வெயில்ல கடை கடையா ஏறி எறங்கி, வீடியோ கால்ல சேலை சேலையா விரிச்சுக் காமிச்சு, பார்சல் கட்டி லாரி ஆபீசுல போட்டு, லாரி ரசீதுக் காப்பியும் அனுப்பி வெக்கறான். இத்தனையும் கோபியில இருக்கற ஒரு புள்ளை வளரோணும்னு. பெத்த அப்பன்கூட இப்படிப் பண்ண மாட்டான். நீ ஒண்ணு பண்ணு, அவனுக்கு ஒரு கோயில் கட்டிப்போடு.

கட்டறதுக்கு முந்தி ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கோ. அவன் சாயங்காலம் சோறு எங்க திங்கறான்?

சூரத்துல ஆடத்தியான்னு ஒரு தொழில் தலைமுறை தலைமுறையா நடக்குது. வெளியூருக் கடைக்காரனைக் கூட்டியாறது, கடனுக்குச் சரக்கு எடுத்துத் தர்றது, சொன்ன தேதிக்குப் பணம் வந்து சேர நடுவுல நிக்கறது. அதுக்குக் கூலி பெரும்பாலும் விக்கறவன் குடுப்பான். அது ஒளிச்சு வெச்ச சங்கதி இல்லை, ஊரறிஞ்ச ஏற்பாடு. அதுல தப்பும் இல்லை, விக்கறவனுக்கு வேலை செய்யறான், விக்கறவன் கூலி குடுக்கறான். தப்பு எங்கன்னா, அவனை நீ உன்ற ஆளுன்னு நெனச்சுக்கிட்டு மோர் குடுத்து உக்கார வெக்கறியே, அங்க. விக்கறவன் கூலியில சாப்பிடறவன், எந்தக் கடையில சரக்கு நல்லாருக்குதுன்னு பார்ப்பானா, எந்தக் கடையில கூலி நல்லாருக்குதுன்னு பார்ப்பானா? நீயே சொல்லு, நீ இஞ்சினியரு.

எனக்கெப்படித் தெரியும்னு மட்டும் கேக்காதே. சந்தையில நின்னா நாலு சங்கதி காதுல விழுகும்.

ஒரு கதை சொல்றேன் கேளு. திங்கக்கெழமை ராத்திரி ஈரோட்டுச் சந்தை உனக்குத் தெரியும். இப்ப கனி மார்க்கெட்டுன்னு பெரிய கட்டடம் கட்டியிருக்கறாங்க. அப்பெல்லாம் ராத்திரி முச்சூடும் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துல யாவாரம், செவ்வாக்கெழமை வெடியறதுக்குள்ள பாதி மூட்டை வண்டி ஏறிரும். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தன், அந்தியூருப் பக்கம் நாலு கடைக்குச் சரக்கெடுத்துக் குடுத்துக்கிட்டு இருந்தான். சேலைக்கு நாலணா கூலி. யோக்கியமானவன்தான். நைலக்ஸ் சேலை வந்த புதுசு, பொம்பளைங்க எல்லாம் அதுக்குப் பைத்தியமா இருந்த காலம். சந்தையில ஒரு யாவாரிகிட்ட கிளிப்பச்சையில நாப்பது சேலை தேங்கிப் போச்சு. கண்ணு கூசற பச்சை. ‘இதைத் தள்ளிக் குடு, சேலைக்கு ஒரு ரூவா உனக்கு’ன்னான். நாலணா எங்க, ஒரு ரூவா எங்க! தரகன் ஒரு நிமிசம் யோசிச்சான். பொறவு யோசிக்கறதை நிறுத்திப்போட்டான். நாப்பதும் அந்தியூருக்குப் போச்சு. ‘மெட்ராசுல இப்ப இதான் ஓடுது’ன்னு ஒரு சொல்லும் கூடப் போச்சு.

ஒண்ணுகூட ஓடலை. மூணு வருசம் அலமாரியில கிளியாட்டம் உக்காந்திருந்துச்சு. கடைசியில ஒரு ஆடித் தேருக்கு அந்தக் கடைக்காரரோட சம்சாரம், அம்மா, மூணு நாத்தனாரு, சமையக்காரம்மா எல்லாம் ஒரே கிளிப்பச்சையில வரிசையா வந்தாங்க. பேண்டு வாத்தியக்காரங்கன்னு நெனச்சு ஒருத்தன் ‘எந்தூரு செட்டுங்க’ன்னு கேட்டுப்போட்டான்.

சிரிக்காதே. உன்ற கடையிலயும் ஒரு மூலையில கறுப்புக் குர்த்தி இருபது தொங்குதே, ஆவணி முகூர்த்தத்துக்குன்னு வந்தது? ‘இன்ஸ்டாகிராமுல கறுப்புதான் ட்ரெண்டு’ன்னு எவனோ அனுப்பிச்சது? அதுவும் கிளிதான், நெறந்தான் வேற.

இப்ப ரெண்டாமத்தவன். நூத்துக்கு அஞ்சு கேக்கறான். நேர்மையான பேச்சு, கூலியை மூஞ்சிக்கு நேரா கேக்கறான். ஒரு லட்சத்துக்கு எடுத்தா அஞ்சாயிரம். அவன் ஜிஎஸ்டி வெச்சிருந்தா கூலிக்கு 18 பர்செண்ட் வரி, அது தொள்ளாயிரம். ரெண்டு லட்சத்துக்கு எடுத்தா பத்தாயிரம். நீ எச்சா வாங்கினா அவன் எச்சா சாப்பிடுவான், அவ்வளவுதான் சூத்திரம். அதனால அவன் எப்பவும் ‘மேடம், இந்த டிசைனு முடியப் போகுது, இன்னும் ஒரு செட்டு போட்டுக்கலாமா’ன்னுதான் கேப்பான். செட்டுன்னா தெரியுமில்ல? கேட்டலாக்குல எட்டு டிசைனு இருந்தா எட்டையும் எடுக்கோணும். உனக்குப் புடிச்ச மூணு மட்டும் தர மாட்டான். அதோட எம்மு, எல்லு, எக்ஸெல்லு, டபுள் எக்ஸெல்லுன்னு ஒவ்வொண்ணுலயும் ஒண்ணு. உன்ற கடையில எது மொதல்ல காலியாகுது, எது தூசு படிஞ்சு தொங்குதுன்னு அவன் கேக்கவே மாட்டான். கேட்டா யாவாரம் சுருங்கிரும் பாரு.

கணக்கு ஒண்ணு போடலாம். நூறு குர்த்தி, ஒண்ணு அறுநூறு, ஆக அறுபதாயிரம். வரி போக ஆயிரத்தி நூறுன்னு விக்கறே. அறுபது போச்சு, அறுபத்தாறாயிரம் கல்லாவுல விழுந்துச்சு. போட்ட காசு வந்துருச்சு, மேல ஆறாயிரம். அதை வாடகை தின்னுரும். அப்ப லாபம் எங்க? மிச்சம் இருக்கற நாப்பது குர்த்திதான் உன்ற லாபம். குச்சியில தொங்குது பாரு, ஆடுது பாரு. அவனோட கூலி மட்டும் பார்சல் கட்டுன அன்னைக்கே பேங்குல ஏறிப்போச்சு. நூறும் வித்தாலும் அவனுக்கு அதே காசு, பத்து வித்தாலும் அதே காசு. இப்படி ஒரு பொழப்பு எனக்கு ஆண்டவன் குடுக்கலையேன்னு நானே ஏங்கியிருக்கறேன்.

நீ கேப்பே, ‘ஏனப்புச்சி, அவனுக்குத் துணியைப் பத்தி நல்லாத் தெரியுது, சில்க்குங்கறான், பிளாக் பிரிண்டுங்கறான்’னு. தெரியும் தெரியும். டோலா சில்க்கு, விசித்ரா சில்க்கு, ஆர்ட் சில்க்கு. பேருல சில்க்கு இருக்குது. குதிரைவாலிச் சோத்துல குதிரை இருக்குதா? ஒரு நூலை உருவி நெருப்புல காட்டு. பட்டுன்னா தலைமுடி தீஞ்ச நாத்தம் அடிக்கும், சாம்பலை நசுக்கினா பொடியாகும். பாலியஸ்டருன்னா உருகி, கடுகாட்டம் உருண்டு கெட்டியாகும். பாலியஸ்டர் விக்கறது பாவமில்லை, சூரத்தே அதுலதான் எந்திரிச்சு நிக்குது. பாலியஸ்டரைப் பட்டு விலைக்கு உனக்கு வாங்கிக் குடுக்கறானான்னுதான் பார்க்கோணும்.

ஜெய்ப்பூரு அச்சு அதைவிட வேடிக்கை. சாங்கானேருலயும் பக்ருவுலயும் மரக்கட்டையில கையாலயே அச்சடிக்கறாங்க. பக்ருவுல சேத்தைப் பூசி சாயத்தை மறிக்கறதுன்னு தனி வித்தையே உண்டு. கையால போட்ட அச்சு எப்படித் தெரியும்? ஒரு கட்டை முடிஞ்சு அடுத்தது சேர்ற எடத்துல மயிரிழை வெலகி இருக்கும், ஒரு பூவுல சாயம் கொஞ்சம் தூக்கலா நிக்கும். அச்சு அசலா, ஒரு பிசிறும் இல்லாம, மீட்டரு மீட்டருக்கு ஒரே மாதிரி இருந்துச்சுன்னா அது ஸ்கிரீனோ டிஜிட்டலோதான். உலகத்துல தப்பு இருந்தா எச்சு விலை குடுக்கற சரக்கு அது ஒண்ணுதான் அம்மிணி. வீடியோ கால்ல உன்ற ஆளைத் துணியைத் திருப்பிக் காட்டச் சொல்லு. லக்னோ சிக்கன் வேலைன்னாலும் திருப்பு. அடிப்பக்கம் முடிச்சும் நூலுமா கொஞ்சம் அலங்கோலமா இருந்தா கை வேலை. ‘நெட்வொர்க் இல்லைங்க மேடம்’னு சரியா அப்பப் பார்த்துச் சொல்றானா, நெட்வொர்க் இல்லாதது டவருல இல்லை.

ரயான் குர்த்தி எடுக்கறப்ப, ‘14 கிலோ ரயான்’னு கனத்தைச் சொல்லிப் பெருமையடிப்பான். ஒண்ணை வாங்கி அளந்து வெச்சுக்கோ, தண்ணியில போட்டு அலசிக் காய வெச்சு மறுபடி அள. முழங்காலுக்கு வந்தது எங்க நிக்குதுன்னு பாரு. உன்ற அம்மாயிக்கு நீ குடுத்த நைட்டி மூணே தொவையல்ல என்ற சட்டை ஆயிப்போச்சு.

பில்லு. இதை மட்டும் காதுல நல்லாப் போட்டுக்கோ. சரக்குக் குடுத்த யாவாரியோட பில்லு, உன்ற கடை பேருல, உன்ற ஜிஎஸ்டி நம்பருல வரோணும். ‘எங்க கம்பெனி பேருலயே பில்லு போட்டுத் தர்றோம் மேடம், உங்களுக்கு ஈசி’ங்கறானா? அவன் ஏஜெண்டு இல்லை, அவனும் ஒரு யாவாரி. நானூறுக்கு எடுத்து அறுநூறுக்கு உனக்கு விக்கறான், அதுக்கு மேல கூலியும் கேக்கறான். அதான் துண்டு. அந்தத் துண்டைத் தூக்கிப் பார்க்க ஒரே வழி மொதப் பில்லு. அந்தப் பில்லு உன்ற ஜிஎஸ்டி கணக்குல, 2-பி சீட்டுல வந்து நிக்குதான்னும் ஆடிட்டரைப் பார்க்கச் சொல்லு. அந்தச் சரக்குக் குடுத்த யாவாரி ரிட்டன் போடாட்டி நீ கட்டுன வரி உனக்குத் திரும்பாது. நீ காம்பொசிஷன் திட்டத்துல இருந்தா அந்தப் பேச்சே இல்லை, வரி முழுக்க உன்ற தலையில. ஐம்பதாயிரத்துக்கு மேல சரக்கு வந்தா இ-வே பில்லு கேக்கும், அதுக்குப் பயந்து ‘மூணு பார்சலாப் பிரிச்சு அனுப்பறேன்’ங்கறவனை நீ உன்ற வாழ்க்கையில இருந்தே பிரிச்சு அனுப்பிரு.

விலை வெக்கறதுலயும் உன்ற ஆளுக்குப் புத்தி இருக்குதான்னு பாரு. 2025 செப்டம்பரு 22-லிருந்து தைச்ச துணிக்கு, ஒரு உருப்படி ரெண்டாயிரத்தி ஐநூறு ரூவா வரைக்கும் ஜிஎஸ்டி 5 பர்செண்ட், அதுக்கு மேல 18 பர்செண்ட். ரெண்டாயிரத்தி ஐநூறுக்கு வித்தா வரி நூத்தி இருபத்தஞ்சு. ஒரு ரூவா கூட்டி வித்தா வரி நானூத்தி ஐம்பது. ஒரு ரூவாய்க்கு முன்னூத்தி இருபத்தஞ்சு ரூவா தண்டம்! நீ விக்கற விலை அந்தக் கோட்டை ஒட்டி எங்க விழுகும்னு பார்த்துச் சரக்கெடுக்கறவன் ஒருத்தன் கெடைச்சா அவனுக்கு நானே மோர் கரைப்பேன்.

நாள் நட்சத்திரம் தெரியோணும் அவனுக்கு. பாரியூருக் குண்டம் மார்கழியில, பண்ணாரி குண்டம் பங்குனியில, ரெண்டுக்கும் தீ மிதிக்க மஞ்சச் சேலை கேட்டு வருவாங்க. சூரத்துல உக்காந்திருக்கறவனுக்குக் குண்டம்னா என்ன தெரியும், சட்டி பானைம்பான். ஆடியில முகூர்த்தம் இல்லை, ஆவணிக்குக் கூட்டம் கும்மும், ஆக ஆவணிச் சரக்கு ஆடிக்குள்ள வந்து எறங்கோணும். தீபாவளி முடிஞ்சா அங்க லாப பஞ்சமி வரைக்கும் கடை தொறக்க மாட்டான். நீ இங்க கார்த்திகை முகூர்த்தத்துக்குச் சரக்கு இல்லாம கையைப் பெசைஞ்சுக்கிட்டு நிப்பே. இதெல்லாம் அவன் உங்கிட்டச் சொல்றானா, நீ அவனுக்குச் சொல்லிக் குடுக்கறியா? நீ சொல்லிக் குடுக்கறதா இருந்தா கூலியை நீயல்லவா வாங்கோணும்!

அந்த மூணாமத்தவனைப் பத்தி என்னைக் கேக்காதே. ஆகாத ஆளு. மாசம் எட்டாயிரம் குடுத்துரோணுமாம், சரக்கு எடுத்தாலும் எடுக்காட்டியும். சும்மா இருக்கறதுக்குக் கூலியா? அதோட என்னென்ன கேள்வி கேட்டுருக்கறான் பாரு உன்னைய. போன தீபாவளிச் சரக்குல எது மிச்சம், போட்டோ அனுப்புங்க. எந்த சைசு மொதல்ல போகுது. வாடகை எவ்வளவு. சோபாவுல வந்து உக்கார்றவங்க டீச்சரா, மில்லுக்காரரு வூட்டம்மாவா, காலேஜு புள்ளையா. சம்பந்தம் பேச வந்தவனாட்டம் இத்தனை விசாரணை என்னத்துக்கு? கோபியில வேற கடைக்குச் சரக்கெடுத்துத் தர மாட்டேன்னும் சொன்னானாமே. யாவாரம் பண்ணத் தெரியாதவன். நாலு கடைக்கு ஒரே கேட்டலாக்கை அனுப்பினா நாலு பக்கமும் காசு, ஒரே தெருவுல நாலு பொம்பளைங்க ஒரே பூப்போட்ட குர்த்தியில நேருக்கு நேரா முட்டிக்கிட்டா அவனுக்கென்ன?

எல்லாத்துக்கும் மேல, இந்த மாசம் எதுவும் எடுக்க வேண்டாம், அந்தக் கறுப்பை மொதல்ல தள்ளுங்கன்னானாமே. சரக்கெடுக்கற ஆளு வாயில வர்ற பேச்சா அது! பந்தியில உக்கார வெச்சுப்போட்டு, மத்தியானம் தின்னது செரிச்சுதான்னு கேக்கறான். எனக்குப் புடிக்கவே இல்லை.

அவன்கிட்டயும் எடுத்தவுடனே ரொம்ப நாளைக்குன்னு கையெழுத்துப் போட்டுராதே. நாப்பதாயிரத்துக்கு ஒரு தரம் எடுத்துக் குடுக்கச் சொல்லு. பார்சலைப் பிரிக்கறப்ப கட்டு அவுக்கறதுல இருந்து வீடியோ எடுத்து வெய்யி, கிழிஞ்சது சாயம் போனதுன்னா அப்பத்தான் பேச முடியும். அதுல எத்தனை உருப்படி அறுபது நாளுக்குள்ள போகுதுன்னு நோட்டுல எழுது. பொறவு எட்டாயிரத்தைப் பத்திப் பேசலாம். ஆறாயிரத்துக்கு வருவான்னு எனக்குத் தோணுது. கேளு, கேட்டா என்ன, துண்டைப் போட்டுக்கிட்டா கேக்கறே?

என்ன, கேக்காதேன்னேனே, கேட்டுப்போட்டியா. எனக்கெப்படி இத்தனையும் தெரியும்னு. அட, அந்தத் தரகன் எனக்குச் சிநேகிதன், அவன் சொல்லித்தான்... ஏய், நீ ஏன் அங்கிருந்து சிரிக்கறே? மோரைக் கொண்டாந்து வெச்சுப்போட்டுப் போ. புள்ளைகிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம்.

சொல்லிப்போட்டாளா! செரி, சொன்னது சொன்னதுதான். ஆமா, அந்தக் கடைக்காரருக்கு எப்படியோ தெரிஞ்சு போச்சு. சண்டைக்கு வரலை, ஒரு வார்த்தை கேக்கலை. நம்மூட்டு விசேசத்துக்குத் தாம்பாளத்துல தேங்காய் பழத்தோட ஒரு சேலை வெச்சு, ‘உங்கூட்டு அம்மாவுக்கு’ன்னு என்ற கையிலயே குடுத்தாரு. பிரிச்சா கிளிப்பச்சை. உன்ற அம்மாயி கட்டவும் மாட்டா, தூக்கிப் போடவும் மாட்டா. அதோ, அந்தக் கட்டில் காலைச் சுத்தியிருக்குதே, அது அதுல கிழிச்சதுதான். அம்பது வருசம் ஆகப் போகுது, இன்னும் சாயம் போகலை.